ஸ்பிரிங்கில் மிச்சம் பிடிக்கலாமா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் மீண்டும் தொடங்கும் வரை பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓட்டினோம். மாத்தளைக் கராஜ்காரச் சகோதரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்.

ஓட்டோ கியர்பெட்டியைப் பிரித்தால் கிளச் தட்டுகளை மாற்றுகிறோம். ஸ்பிரிங்கைக் கழுவிப் பழையதையே போடுகிறோம். ஒயில் அமுக்கம் குறைந்ததும் பிஸ்டனைப் பின்னே தள்ளுவது அந்த ஸ்பிரிங்தான். அது தளர்ந்தால் கிளச் முழுதாக விடாது. புதிய தட்டுகளும் உரசிக் கருகும்.

அதற்காக அளவுக்கு மீறிக் கடினமானதைப் போடுவதும் தவறு. ஒயில் அமுக்கத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். ரத்தோட்டை ஏற்றத்தில் பாரத்தோடு கிளச் வழுக்கும்.

புதியதோடு வைத்து உயரத்தை அளந்து பாருங்கள். அந்தப் பெட்டிக்குரியதையே போடுங்கள். பழையதைப் போட்டால் பில்லில் எழுதிக் கொடுங்கள். குறையை மறைத்த வியாபாரத்தில் பரக்கத் இல்லை.