ஆடலாசிரியரின் பயிற்றுநெறி

இலக்கணத்தை ஏட்டின் துணைகொண்டும் கற்கலாம். கணக்கைத் தனித்திருந்தும் பயிலலாம். ஆடலோ ஆசிரியர் உடலினின்று மாணாக்கர் உடலுக்கு நேரே செல்லும் கலை. ஆகலின், ஆசிரியர் பயிற்றும் முறையே இக்கலையில் மாணாக்கரின் ஆக்கத்துக்கும் கேட்டுக்கும் காரணமாகின்றது. அம்முறை எத்தன்மையதாதல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி மிகவும் ஏற்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் எல்லை நாடு இது. 1980-ஆம் ஆண்டளவில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ். முதலிய ஆலைகள் ஓசூரில் எழுந்தன. தொழில் நாடிப் பல திசையினரும் வந்து குடியேறினர். இத்தகைய ஊரில் ஆடல் பயிற்றும் ஆசிரியர்முன் பல மொழிக் குழந்தைகள் ஒருங்கே நிற்பர். எனினும், முதற்பாடமாகிய தட்டடவில் அவர்கள் அனைவரும் நிகரே. என்னை? 'தை', 'தாம்' எனவரும் சொற்கட்டுகள் தாளத்தைக் குறிப்பனவன்றிப் பொருளைக் குறிப்பன அல்ல. அவ்வொலிக்குக் கால் இசைவதே கல்வி. ஆகவே, மொழி வேற்றுமை இங்கே தடையன்று. குழந்தைகளின் இயல்பு வேற்றுமையே ஆசிரியர் கருதற்பாலது.

நூல்கள் கூறும் இலக்கணம்

சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை நமக்கு நல்லதொரு சான்று. மாதவி ஐந்தாம் ஆண்டில் ஆடல் பயிலத் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் ஆண்டில் சோழ மன்னன் அவையில் அரங்கேறினாள். இச்செய்தியை இளங்கோவடிகள் சில அடிகளிலேயே கூறி முடிக்கின்றார். அவளை உருவாக்கியோரின் இலக்கணத்தையோ மிக விரித்துரைக்கின்றார். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர் அவண் தோன்றுகின்றனர். ஒரு மாணாக்கியின் வெற்றி பலர் உழைப்பின் பயன் என்பது இதனாற் பெறப்படும். ஒருவகைக் கூத்துக்குரிய கையை மற்றொருவகைக் கூத்தில் கலவாது காக்கும் தெளிவும் ஆடலாசிரியனுக்கு வேண்டுமென்பர் அடிகள்.

ஆசிரியன் அறிய வேண்டுவனவற்றை அடிகள் உரைத்தார். அறிந்ததனைக் கொடுக்கும் முறையைப் பவணந்தியார் நன்னூலில் உரைத்தார். விரைவும் வெகுளியும் இன்றி, விருப்போடும் மலர்ந்த முகத்தோடும், கற்போன் கொள்ளும் திறனறிந்து கொடுத்தலே அவர் காட்டும் நெறி. இந்நூலை இயற்றுவித்த சீயகங்கன், இன்று கோலார் என வழங்கும் குவளாலபுரத்துக்குத் தலைவன் எனச் சாசனங்களிற் போற்றப்பெற்ற கங்கர் குலத்தான். ஆசிரியர் இலக்கணம் கூறும் நன்னூல், கிருஷ்ணகிரிக்கு அயலதாகிய கோலார் நாட்டோடு தொடர்புடைய ஒருவன் வேண்டுகோளால் எழுந்தது நினைந்து மகிழ்தற்குரியது.

மைசூர் தந்த சான்று

இந்நெறி ஏட்டளவில் நின்றதன்று. தஞ்சை நால்வருள் மூத்தவராகிய சின்னையா மைசூர் அரசவையை அடைந்து ஆடற்பணி புரிந்தார். அவ்வவையிற் பிற்காலத்துப் புகழ்பெற்றவர் ஜட்டி தாயம்மா (1857-1947), அபிநயத்தில் ஒப்பற்றவர். அவரிடம் எட்டு வயதில் மாணவியாகச் சேர்ந்தவர் வெங்கடலட்சம்மா. இவர் 1906-இல் லம்பாணி சமூகத்தில் பிறந்தவர். ஆடலைத் தாயம்மாவிடமும், வடமொழியையும் இசையையும் அவற்றில் வல்ல பிறரிடமும் கற்றுப் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினார். மாதவியின் வரலாறு மீண்டும் நிகழ்ந்தாற்போல்வது இது.

ஆயினும், நாம் வியப்பது அரங்கேற்றத்தையன்று. அதன் பின் நிகழ்ந்ததனையே. ஆசிரியையும் மாணவியும் ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஒருங்கு ஆடினர். அரங்கேற்றத்தோடு 'இனி நீ அறிவாய்' என விட்டு நீங்காது, அரங்கிலேயே அருகில் நின்றார் தாயம்மா. இதனினும் சிறந்த ஊக்கமொழி யாதுளது? வெங்கடலட்சம்மா 1939-இல் அரசவைக் கலைஞரானார். 1965-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆடற்கல்வி தொடங்கியபோது அங்கு ஆசிரியப் பொறுப்பேற்று, 1974 வரை பணியாற்றினார். 1992-இல் பத்மபூஷண் விருது பெற்றார். தாயம்மாவின் கலை இங்ஙனம் அரண்மனையினின்று பல்கலைக்கழக வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது.

நாம் கொள்ளத்தக்கது

'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழியைத் துணைக்கொண்டு, தட்டுக்கழியை அச்சுறுத்தும் கோலாக்குவாரும் உளர். தட்டுக்கழி மணையில் தாளம் தட்டுதற்கு உரியது. குழந்தையின் மனத்தைத் தட்டுதற்கன்று. கால் திருந்தி முகம் மலராத மாணவிக்கு அபிநயப் பயிற்சி மிகுதியும் வேண்டும். முகம் மலர்ந்து தாளம் தவறும் மாணவி, கையால் தாளமிட்டுச் சொற்கட்டை வாயாற் சொல்லிப் பழகுதல் வேண்டும். அரைமண்டியில் நிற்க இயலாத குழந்தைக்கு, இரண்டாங்காலமும் மூன்றாங்காலமும் காத்திருக்கலாம். முதற்காலத்தில் உறுதி பெறுவதே அதற்குரிய அன்றைய வெற்றி. அவ்வெற்றியைக் கண்டு, 'இன்று முழங்கால் நன்கு விரிந்தது' என உள்ளது உரைத்தலே மெய்யான ஊக்கம். உண்மையில்லாப் புகழ்ச்சி குழந்தையைத் தளர்விப்பதில் வசைக்கு இளைத்ததன்று.

ஆலையிற் செய்யும் உறுப்புகள் ஒன்றையொன்று ஒத்திருத்தல் சிறப்பு. குறித்த பொழுதில் முடிதலும் சிறப்பு. ஆலைச் சங்கின்படி நாளைப் பகுத்து வாழும் நகரத்தில், பிள்ளைகளின் கல்வியையும் அவ்வாறே அளக்கும் எண்ணம் எளிதில் எழும். ஓராண்டில் அரங்கேற்றம் வேண்டுமென விரையும் பெற்றோர்க்கும், அதற்கு இசையும் ஆசிரியர்க்கும் இடையே பின்தங்கிய குழந்தை கலையையே வெறுத்து விலகுகின்றது. விலகிய அக்குழந்தையிடத்து ஒரு வெங்கடலட்சம்மா மறைந்திருந்தாளோ, யார் அறிவார்?

நம்முள் பலர் நாளை ஆசிரியராவோம். நாம் பயிற்றுவது ஆடலாயினும் அகநானூறாயினும் நெறி ஒன்றே. கொள்வோர் திறனறிந்து கொடுப்போமாக. கொடுத்தபின் அவர்க்கு அருகில் நிற்போமாக.