ஆமைக்குஞ்சின் உறைவிடம்

ஆப்பிரிக்காவில் ஸஹாரா பாலைவனத்தின் தென் எல்லையை அடுத்த ஸாஹெல் பிரதேசத்தில், ஸெனெகால் முதல் எத்தியோப்பியா வரையில், சல்கேட்டா என்னும் பெரிய நில ஆமை வாழ்ந்து வருகிறது. பின்தொடைகளில் சேவலின் குதிமுள்ளைப் போன்ற கூரிய புடைப்புகள் இருப்பது இதன் அடையாளம். முட்டையினின்று வெளிவரும்போது இரண்டு அங்குல நீளமே உள்ள குஞ்சு, முழு வளர்ச்சியில் 2 அடி நீளமுள்ள ஓடும் 100 ராத்தலுக்கு மேற்பட்ட நிறையும் அடைவதுண்டு. அரை நூற்றாண்டுக்கு மேலும் உயிர்வாழும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வெப்பம் மிகுந்த தென் மாகாணங்களில் இதனை வீட்டில் வளர்ப்போர் பலர். வளர்ந்த ஆமை புல்வெளியில் மேய்ந்து பெரும்பாலும் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். குஞ்சின் நிலை அவ்வாறன்று. முதல் இரண்டு ஆண்டுகளில் அமைத்துக் கொடுக்கும் உறைவிடத்தைப் பொறுத்தே அதன் உயிரும் ஓட்டின் வடிவமும் அமைகின்றன.

பழைய கொள்கையும் அதன் கேடும்

வறண்ட தேசத்துப் பிராணிக்கு ஈரம் ஆகாது என்னும் எண்ணம் வளர்ப்போரிடையே நெடுங்காலம் நிலவி வந்தது. ஆதலின் குஞ்சுகளை உலர்ந்த மணலில் விட்டு, மேலே உஷ்ண விளக்கை எரியவைத்து, ஜலத்தையும் குறைவாகவே அளித்தனர். இதனால் பல குஞ்சுகள் உடல் வறண்டு மடிந்தன. பிழைத்தவற்றின் ஓட்டில் ஒவ்வொரு தகடும் கூம்பு போல் மேலெழும்பிக் கோணலாயிற்று. ஒருமுறை அவ்வாறு எழும்பிய தகடு மீண்டும் சமமாவதில்லை.

இக்கேட்டிற்குப் புரதம் மிகுந்த ஆகாரமே காரணம் என்று பலர் கருதினர். ஆஸ்திரியாவில் 50 சல்கேட்டாக் குஞ்சுகளை ஐந்து மாத காலம் வெவ்வேறு ஈரநிலைகளில் வளர்த்துச் சோதித்து, அதன் முடிவை 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வறண்ட காற்றில் வளர்ந்தவற்றின் தகடுகளே மிகுதியாக மேலெழும்பின என்பதும், புரதத்தின் பங்கு சிறிதே என்பதும் அதனால் விளங்கின.

இயற்கையை நோக்கினால் இதில் வியப்பில்லை. ஸாஹெலில் மேற்பரப்பு வறண்டிருப்பினும், இவ்வாமைகள் மண்ணுள் ஆழ்ந்த வளை தோண்டி, அதன் குளிர்ந்த ஈரக்காற்றில் பகலின் கடும் வெயிலைக் கழிக்கின்றன. குஞ்சுகள் வெளிப்படுவதும் மழைக்காலத்தை ஒட்டியதாகும். ஆகவே வளர்ப்போர் குஞ்சுக்கு அமைக்க வேண்டுவது பாலைவனத்தின் மேற்பரப்பை அன்று. மழைக்கால வளையின் உட்புறத்தையே.

பெட்டியும் தரையும்

ஒரு குஞ்சுக்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள பெட்டி முதல் ஆண்டிற்குப் போதுமானது. பக்கங்கள் ஒளி ஊடுருவாதனவாக இருத்தல் நலம். கண்ணாடிப் பக்கமாயின் குஞ்சு அதனை வழியென்று எண்ணி ஓயாது முட்டிக்கொண்டிருக்கும். மேற்புறம் முழுதும் திறந்திருப்பின் ஈரமும் உஷ்ணமும் தங்கா; ஆதலின் காற்றுக்குச் சிறிது இடம் விட்டு மூடிவைத்தல் வேண்டும்.

தரைக்குத் தென்னை நார்த்தூளை 3 அங்குல உயரம் பரப்பி, கையால் பிழிந்தால் நீர் சொட்டாத அளவில் நனைத்து அழுத்துதல் வேண்டும். மணல் உதவாது, ஆகாரத்துடன் உட்சென்று குடலை அடைக்கும். மணம் வீசும் தேவதாரு மரத்தூளின் ஆவி மூச்சுறுப்புகளைக் கெடுக்கும். ஒரு மூலையில் மண்தொட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாதி புதைத்து, உள்ளே ஈரநார்த்தூள் இட்டால் அதுவே வளையாகும். குஞ்சு பகலின் பெரும்பகுதியை அதனுள்ளே கழிக்கும். இது சோம்பலன்று, இயல்பே.

உஷ்ணமும் ஈரமும்

உஷ்ணமும் ஈரமும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியலாகாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் குஞ்சுக்கு நுரையீரல் நோய் காணும்; உஷ்ணம் மட்டும் இருந்து ஈரம் இல்லையேல் உடல் வறளும். விளக்கின் நேர்கீழே பாரன்ஹீட் அளவில் 95 முதல் 100 டிகிரியும், பெட்டியின் மற்றப் பகுதியில் 80 முதல் 85 டிகிரியும் இருத்தல் வேண்டும். இரவிலும் 80 டிகிரிக்குக் கீழே இறங்கலாகாது. இரவு உஷ்ணத்திற்கு ஒளி வீசாத பீங்கான் உஷ்ணக் குமிழைத் தெர்மோஸ்டாட்டுடன் இணைத்துப் பயன்படுத்தலாம். அடியிலிருந்து சுடும் உஷ்ணக்கல் வயிற்று ஓட்டைச் சுட்டுவிடுமாதலால் நீக்கத்தக்கது. காற்றின் ஈரநிலை நூற்றுக்கு 80 அளவில் நிற்க வேண்டும். உஷ்ணமானியும் ஈரமானியும் குஞ்சு வாழும் உயரத்தில் வைக்கப்படுதல் அவசியம். மூடியருகே வைத்த கருவி உண்மை நிலையைக் காட்டாது.

ஒளி

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் தோலிற் படும்போது டி வைட்டமின் உண்டாகிறது. அஃதின்றிக் குஞ்சின் உடல் சுண்ணாம்புச் சத்தை ஏற்காது, ஓடு மெலியும். ஜன்னல் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடும். எனவே காலை வெயிலில் நிழலும் உள்ள காப்பான இடத்தில் சிறிது நேரம் விடுதலே சிறந்தது. இயலாதபோது இதற்கென்றே செய்யப்பட்ட குழல்விளக்கைப் பகலில் 12 மணி நேரம் எரியவிடலாம். ஒளி குன்றாமலே அதன் கதிர்கள் நாளடைவில் குன்றுமாதலால், தயாரிப்போர் குறித்த காலத்தில் குழலை மாற்றுதல் வேண்டும்.

ஜலமும் ஆகாரமும்

பூந்தொட்டியின் அடியில் வைக்கும் ஆழமற்ற மண்தட்டைத் தரைமட்டமாகப் புதைத்து, நாள்தோறும் புதிய ஜலம் நிரப்புதல் வேண்டும். விளிம்பு உயர்ந்த கிண்ணத்தில் குஞ்சு கவிழ்ந்து மூழ்கக்கூடும். இதனுடன் தினமும் ஒருமுறை, கால்மணி நேரம், மோவாய் எட்டாத அளவு வெதுவெதுப்பான ஜலத்தில் குஞ்சை நிற்கவிடுதல் பெரும்பயன் தரும். அப்போது அது குடித்து, மலஜலமும் கழிக்கும். வெளிவரும் வெண்மையான கழிவு மணல்போல் கரகரப்பாக இருப்பின், உடலில் நீர் போதவில்லை என்று அறியலாம்.

அருகம்புல்லின் இளந்தளிர், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, திராட்சை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் ஆகியவை உகந்த ஆகாரம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சுண்ணாம்புச் சத்துப் பொடியைச் சிறிது தூவலாம். கணவாய் ஓட்டைக் கடிக்கவும் வைக்கலாம். தானியம், ரொட்டி, பால், மாமிசம் ஆகியவை கூடா. இனிப்புப் பழங்கள் குடலைக் கெடுக்கும்.

தனிமையும் சுத்தமும்

இரு குஞ்சுகளை ஒரே பெட்டியில் வைத்தலாகாது. அவை சண்டையிடாமல் ஒன்றையொன்று தொடர்ந்து சென்றாலும், வலியது எளியதை நெருக்கி ஆகாரத்திலும் இடத்திலும் அச்சுறுத்துவதே அதன் பொருளாம். எளியது வளர்ச்சி குன்றும். வாரந்தோறும் நிறுத்து எடையைக் குறித்துவரின் நோயை முன்னரே அறியலாம். மூக்கில் நுரை, வீங்கிய கண், அமுக்கினால் நெகிழும் ஓடு ஆகியவற்றுள் எது தோன்றினும் கால்நடை வைத்தியரிடம் காட்டுக. ஆமையின் உடலில் ஸால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடுமாதலால் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். குழந்தைகளுக்கு நேர்ந்த நோயை முன்னிட்டே, 4 அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை வளர்ப்புப் பிராணியாக விற்பதை அமெரிக்க அரசாங்கம் 1975-இல் தடைசெய்தது.

இந்தியாவில் கவனிக்க வேண்டியது

தமிழ்நாட்டின் புதர்க்காடுகளில் வாழும் நட்சத்திர ஆமையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை முதல் அட்டவணையில் சேர்த்துள்ளது. வயலில் அகப்படும் குஞ்சை வீட்டிற்குக் கொண்டுவராது வனத்துறைக்கு அறிவித்தல் வேண்டும். சல்கேட்டா போன்ற அயல்நாட்டு ஆமைகளை வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்துகொள்ளுதல் கடமை.

ஒரு குஞ்சை ஏற்குமுன் அதன் பெட்டியைச் சித்தம் செய்து, ஒரு வாரம் உஷ்ணமும் ஈரமும் நிலையாக நிற்கின்றனவா என்று பார்த்தல் நலம். நூறு ராத்தல் ஆமைக்குப் பிற்காலத்தில் இடம் அளிக்க இயலாதோர் அதனை ஏற்காதிருத்தலே அவ்வுயிருக்குச் செய்யும் உபகாரமாகும்.