மலையடியில் நிற்கும் வீட்டு வண்டி

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கேரள-தமிழ்நாட்டு எல்லைக் கிராமங்களில் கேரவன் வண்டியோடு சஞ்சரித்து, கேட்டுப் பெற்ற இடத்தில் இராத்தங்கி, வண்டிக்குள்ளேயே சமைத்துண்டு, விடிந்ததும் கிழக்கு மலைகளை நோக்கிப் புறப்படுவதைச் சில வருஷ காலமாக வழக்கமாக வைத்துக்கொண்டிருக்கிற எனக்கு, இந்தப் பிரதேசத்தைப் பற்றி உறுதிப்பட்டுவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. வண்டி ஊரில் நிற்க வேண்டும். மனிதன் மலைக்குப் போக வேண்டும். இந்த முறையை மாற்றி வண்டியையே மலைமேல் ஏற்ற நினைப்பவர்கள், வண்டியையும் கெடுத்துக்கொண்டு மலையையும் சரியாகக் காணாமல் திரும்புகிறார்கள்.

அமெரிக்க தேசத்து அரசாங்க வனங்களில் பல இடங்களில், குறிப்பிட்ட நாட்கள் வரை எவரும் வண்டியை நிறுத்தி வசிக்கலாம் என்ற ஏற்பாடு உண்டு. அந்நாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, ஊசியிலை மரங்களினிடையே தன்னந்தனியாக நிற்கும் வண்டியையும் அதன் பக்கத்தில் எரியும் விறகுத் தீயையும் மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வருகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இங்கே நிலைமை முற்றிலும் வேறு. தேசிய நெடுஞ்சாலையிலிருந்து மலையடிவாரம் வரை உடைமையாளர் இல்லாத பூமி ஒரு சென்ட்கூடக் கிடையாது. வீட்டுத் தோட்டமாகிய புரையிடத்தை அடுத்துப் புரையிடமும், அதையடுத்து ரப்பர் விளையும், அதையடுத்து மரச்சீனித் தோட்டமுமாக ஜனவாசம் இடைவிடாமல் தொடர்ந்து, ஊர் முடிகிற இடத்தில் வனத்துறையின் அதிகாரம் தொடங்கிவிடுகிறது. 1958-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நெய்யாறு வனம் 128 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. அதற்குள் அனுமதியின்றி இராத்தங்குவது குற்றம். விறகுத் தீயைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவே, கீழே ஓர் ஊர் வேண்டும். அதற்குத் தனுவச்சபுரத்தைக் காட்டிலும் பொருத்தமான ஊரை நான் கண்டதில்லை. வேலுத்தம்பி தளவாயின் ஞாபகார்த்தமாக 1964-ல் நிறுவப்பட்ட என்.எஸ்.எஸ். கல்லூரியும், தொழிற்பயிற்சி நிலையமும் அங்கே இருப்பதால், சிறிய கிராமமாயினும் மாணவர் கூட்டத்தை நம்பி நடக்கிற சாப்பாட்டுக் கடைகளும், போட்டோஸ்டாட் கடைகளும், அந்தி சாய்ந்ததும் விளக்கேற்றிக்கொள்ளும் தட்டுக்கடைகளும் உண்டு. ரயில் நிலையம் இருக்கிறது. உதியன்குளங்கரையில் தேசிய நெடுஞ்சாலை இருக்கிறது. பாறசாலையிலோ, காசர்கோடு ஜில்லாவின் நந்தாரப்படவில் புறப்பட்டுக் கேரளத்தின் மலையோரங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு வருகிற மலையோர நெடுஞ்சாலை வந்து முடிகிறது. மழை ஓய்ந்த காலை வேளைகளில் கிழக்கே அகத்தியர் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். மலையடி ஊரான வெள்ளறடை பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான்.

கேரள அரசாங்கம் 2020-ன் இறுதியில் மூணாறு பணிமனையில் பழைய பஸ்களைப் படுக்கை வண்டிகளாக்கி வாடகைக்கு விட்டதும், 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டதும், மறு வருஷம் வாகமண்ணில் முதலாவது கேரவன் பூங்கா திறக்கப்பட்டதும் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆயினும் நான் இந்தத் தென்கோடியில் வண்டி நிறுத்துவது தனியார் புரையிடங்களில்தான். அதற்கு அனுமதி கேட்பது ஒரு கலை. அந்தி மயங்கிய பிறகு முன்பின் அறியாத வாசலில் போய் நின்று கேட்கலாகாது. பிற்பகல் மூன்று நான்கு மணிக்கு, வீட்டார் காப்பி குடித்துத் திண்ணையில் இருக்கிற வேளையில், வண்டியைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய்க் கேட்க வேண்டும். எந்த ஊர், யாருடைய மகன், என்ன உத்தியோகம் என்ற கேள்விகளுக்குப் பொறுமையாக விடை சொல்ல வேண்டும். அருகிலுள்ள கடைக்காரரையோ வார்டு மெம்பரையோ முதலில் கண்டு, அவர் வாயிலாகப் போவது உத்தமம்.

ஒரு வீட்டில் முதிய அம்மாள் ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்து, "சாரே, ஒங்களுக்கு வீடு இல்லியா? பின்னே எதுக்கு வண்டியில கெடக்குதீங்க?" என்று கேட்டாள்.

"வீடு உண்டு அம்மச்சி. இது ஒரு ஆசையாக்கும்" என்றேன்.

"ஆசைன்னா கெடந்துக்கிடுங்க. கெணத்துல வெள்ளம் உண்டு. தென்னைக்குக் கீழே மட்டும் வண்டிய இடாதீங்க" என்றாள்.

கேரவன் விஷயமாக நான் கேட்ட உபதேசங்களில் அதனினும் சுருக்கமும் பயனும் உள்ளது வேறில்லை. காசு வாங்க மறுப்பவர்கள் இப்பிரதேசத்தில் அநேகர். அவர்களுக்குக் காசை நீட்டுவது அவமதிப்பாகிவிடும். குழந்தைகளுக்கு ஏதேனும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மின்சாரத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

தென்னையை விலக்கினால் எந்த மரத்து நிழலைத் தேடுவது என்ற கேள்வி வரும். பிலாமரமும் காய்க்கிற காலத்தில் ஆபத்தானதே. ரப்பர் விளையின் நிழல் குளிர்ச்சியானதென்று நம்பித் தை மாசத்தில் வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அந்தப் பருவத்தில் ரப்பர் மரம் இலையெல்லாம் உதிர்த்து நிற்கும். பிறகு தளிர் விடுகிற நாட்களில் தேன்பெட்டிகளை விளைகளில் வரிசையாகக் கொண்டு வைப்பார்கள். ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920-களில் மார்த்தாண்டத்து ஒய்.எம்.சி.ஏ. மூலமாகப் பரப்பிய தேனீ வளர்ப்பு இன்றைக்கு எல்லையின் இருபுறத்துக்கும் ஜீவனோபாயமாக இருக்கிறது; ரப்பர்த் தளிரின் காம்பில் ஊறுகிற இனிப்பு நீரே மார்த்தாண்டம் தேனின் பெரும்பங்கு. ஆகையால் வண்டியை நிறுத்துமுன் சுற்றிலும் நடந்து, பெட்டிகள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் தொலைவாக விலகிப் போவது அவசியம். இராத்திரி வண்டி விளக்கை எரியவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் தேனீக்கள் வெளிச்சத்தை நாடி உள்ளே வந்துவிடும். என் தேர்வு அயனி மரம். நெடிதாக வளர்ந்து, உயரத்திலே கிளை விட்டு, வண்டியின் கூரையைத் தொடாமல் நிழல் தரும்.

ரப்பர் விளையில் தங்குகிறவர் அறிந்திருக்க வேண்டிய மற்றொரு விஷயம், பால் வெட்டு. மூன்று நான்கு மணி இருட்டில் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் மரத்துக்கு மரம் நின்று நின்று வருவதைக் கண்ணாடி வழியாகக் காண்கிறவர், விவரம் தெரியாவிட்டால் திடுக்கிடவே செய்வார். "பேடிக்காதீங்க, நான் வெட்டுக்கு வந்தவனாக்கும்" என்று அவரே குரல் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. அவர் நடக்கிற வழியை வண்டி மறைக்கலாகாது, பால் வடியும் சிரட்டைகளைத் தட்டிவிடலாகாது.

தண்ணீர் கிடைப்பது எளிது. அழுக்குத் தண்ணீரை விடுவதுதான் கஷ்டம். பாத்திரம் கழுவிய நீரை வீட்டாரிடம் கேட்டு வாழை மூட்டில் ஊற்றலாம். ஆனால் கழிப்பறைப் பெட்டியை வீட்டின் செப்டிக் டாங்கில் அன்றி வேறெங்கும் காலி செய்யலாகாது. அதற்கு மூடியைத் திறந்துதர வீட்டார் சம்மதிப்பார்களா என்பதை வண்டியை உள்ளே விடுமுன்னரே நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெட்கப்பட வேண்டிய விஷயமன்று. பிளாஸ்டிக் குப்பையைக் கழுவி உலர்த்தி வைத்தால், வீடுதோறும் குப்பை சேகரிக்கிற ஹரித கர்ம சேனைப் பெண்கள் வரும்போது கொடுக்க வீட்டார் வாங்கிக்கொள்வார்கள். அதற்குரிய கட்டணத்தில் நம் பங்கைக் கொடுத்துவிடுவது மரியாதை. நெய்யாறு இடதுகரைக் கால்வாயின் கரைகள், பார்வைக்கு வண்டி நிறுத்தத் தோதான சமதளமாகத் தோன்றும். விளவங்கோடு வரைக்கும் பாசனம் செய்ய வெட்டப்பட்டு, 2004-க்குப் பிறகு தமிழ்நாட்டுப் பக்கத்துக்கு நீர் விடப்படாமல் வழக்குக்கும் வாதத்துக்கும் இடமாகிப்போன கால்வாய் அது. கரைமண் கனத்த வண்டியைத் தாங்காது. தவிர, நீரோடுகிற பகுதிகளில் ஜனங்கள் குளிக்கிற இடமும் அதுவே.

மின்சாரம் வீட்டிலிருந்து வயர் இழுத்துப் பெறுவதாயின், விளக்கு, மின்விசிறி, இன்வெர்ட்டர் சார்ஜ் இவற்றோடு திருப்திப்பட வேண்டும். குளிர்சாதனத்தை ஓட்டினால் வீட்டின் பியூஸ் போகும், உறவும் போகும். ஐப்பசி மாசத்துப் பிற்பகல்களில் இடியும் மின்னலும் இங்கே உக்கிரமாக இருக்கும். முதல் இடிமுழக்கம் கேட்டவுடனே வயரைப் பிடுங்கிவிட வேண்டும்.

மழைக் காலத்தைப் பற்றி விரிவாகவே எச்சரிக்க விரும்புகிறேன். 2001-ம் வருஷம் நவம்பர் 9-ந் தேதி இரவு, ஐப்பசி மழையாகிய துலாமழையில், மலையோர ஊரான அம்பூரியில் மலைச்சரிவு பெயர்ந்து விழுந்து, நாற்பதுக்கு அணித்தான உயிர்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலையடிவாரத்தில் வீடு கட்டி வாழ்ந்தவர்களுக்கே அந்தக் கதி நேர்ந்ததென்றால், ஓரிரவுத் தங்கலுக்காக வந்து சரிவின் கீழே சக்கரத்துக்குக் கல் வைத்து உறங்குகிறவன் எதை நம்பி உறங்குகிறான்? ஆனி, ஆடி மாசங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வெள்ளறடைக்குக் கிழக்கே வண்டியோடு இராத்தங்குவதில்லை என்பது என் நிபந்தனை. மார்கழிப் பிற்பகுதியிலிருந்து மாசி வரைக்கும் உள்ள காலமே உகந்தது.

ஆனால் அந்த உகந்த காலத்திலும் நாட்களைப் பார்த்து வர வேண்டும். மகா சிவராத்திரியன்று விளவங்கோடு, கல்குளம் வட்டாரங்களிலுள்ள பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியே தரிசிக்கும் சிவாலய ஓட்டத்தில் சாலையெல்லாம் காவி உடுத்த ஜனங்களாக நிறைந்திருக்கும். தவக்காலத்தில் வெள்ளறடைக்கு அப்பாலுள்ள தெற்கன் குரிசுமலைக்குக் கிறிஸ்தவ யாத்திரிகர்கள் திரள்வார்கள். கால்நடையாகச் சேர்ந்துகொள்வதாயின் இவை காணத்தக்க காட்சிகள். வண்டியோடு சென்றால் வழியில் நிற்கவேண்டியதுதான். ஹர்த்தால் நாட்களில் கடையே திறவாது. ஒரு நாளைக்குரிய அரிசியும் பருப்பும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். காலை ஒன்பது மணிக்கும் கல்லூரி விடுகிற நேரத்திலும் தனுவச்சபுரத்துச் சாலையில் வண்டியைத் திருப்ப முயல வேண்டாம்.

உள்சாலைகள் குறுகியவை, மதில்கள் இருபுறமும் நெருக்கும். வண்டியின் உயரத்தை ஏணி வைத்து அளந்து, ஓட்டுநர் கண்ணெதிரே எழுதி ஒட்டிவைப்பது நன்று. ஒன்பதடிக்கு மேற்பட்ட வண்டிக்குக் கேபிள் டி.வி. கம்பிகளே முதல் சத்துரு, மின்கம்பிகள் அடுத்தது. சந்தேகமான வழியை முதலில் நடந்து பார்த்துவிட்டு வருவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இனி மலைக்குப் போகிற வழி. வண்டியை விட்டுவிட்டுக் காலை பஸ்ஸில் வெள்ளறடை போய், அங்கிருந்து பனச்சமூட்டுச் சந்தைக்குப் போகலாம். சாலைக்கு ஒருபுறம் ஒரு மாநிலமும் மறுபுறம் மற்றொன்றுமாக வியாபாரம் நடக்கும். குரிசுமலைக்கு நடந்தே ஏறலாம். பத்துகாணி வழியாகக் காளிமலைக்குப் போகிறவர்கள் ஜீப்பை அமர்த்திக்கொள்வார்கள். கால்வலு உள்ளவர்கள் நடப்பதே சிறப்பு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்குப் போக விரும்புகிறவர்கள், வருஷ ஆரம்பத்தில் வனத்துறை நடத்துகிற முன்பதிவில் இடம் பெற்று, போணக்காட்டிலிருந்து காவலரோடு ஏற வேண்டும். அது வேறு யாத்திரை. நெய்யாறு அணைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டு. முதலைகளுக்கென்றே அங்கே ஒரு மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஆகையால் கரையோரத்தில் ஸ்நானம் செய்யும் ஆசையை விட்டுவிட்டு, புரையிடத்துக் கிணற்றடிக்கே திரும்பிவிடுங்கள்.

ஆகாரத்துக்குக் குறைவில்லை. மரச்சீனியும் மீன்கறியும், புட்டும் பயறும் பப்படமும், சாயங்காலத்தில் ரசவடையும் கட்டன்சாயாவும் கிடைக்கிற இடத்தில் வண்டிக்குள் அடுப்பு மூட்டுவது சில சமயம் வீண் சிரமமாகவே தோன்றும்.

இனி மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1-ந் தேதி கல்குளமும் விளவங்கோடும் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு விழுந்ததே தவிரப் பேச்சு அறுபடவில்லை. பாறசாலைப் பக்கத்துக் கடைத்தெருவில் தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். ஆயினும் பஸ்ஸின் நெற்றியும், வனத்துறையின் எச்சரிக்கைப் பலகையும் பெரும்பாலும் மலையாள லிபியிலேயே இருப்பதால், அந்த எழுத்துக்களை எழுத்துக்கூட்டி வாசிக்கவாவது கற்றுக்கொண்டு வருவது பயன் தரும். டீசல், தமிழ்நாட்டு எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டினால் விலை குறைவு. எல்லைவாசிகள் எல்லாரும் செய்வதை நீங்களும் செய்யலாம்.

கடைசியாக, இவ்வூர்களில் பூமி உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேரவன் பூங்கா அமைக்க மாநிலத்தின் 2021-ம் வருஷக் கொள்கை கேட்பது குறைந்தபட்சம் 50 சென்ட் நிலமும், ஐந்து வண்டிகள் நிற்க இடமுமே. ரப்பருக்கு விலை விழுந்து, வெட்டாமல் கிடக்கும் விளைகள் தனுவச்சபுரத்துக்கும் வெள்ளறடைக்கும் இடையே சாலையோரமாகவே இருக்கின்றன. அவற்றின் உடைமையாளரில் ஒருவராவது சுற்றுலாத் துறையை அணுகி, ஒரு கிணறும் கழிவு நீருக்கு ஒழுங்கான தொட்டியும் கட்டி, கதவைத் திறந்துவைக்க முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.