உப்புக்கல்லின் அளவை யார் தீர்மானிப்பது?

நம்ம வீட்டு அடுக்களையில் ரெண்டு டப்பா இருக்கும். ஒண்ணுல கல் உப்பு, இன்னொண்ணுல தூள் உப்பு. ரெண்டுமே சோடியம் குளோரைடுதான். தூள் உப்பில் பல வகை, கல் உப்பை அரைச்சு செஞ்சது. ஆனா வெற்றிட ஆவியாக்கியில் தயாராகும் உப்பை யாரும் அரைக்கிறதில்லை. அது பிறக்கும்போதே அரை மில்லிமீட்டருக்குள்ள, ஒரே மாதிரி சின்னச் சின்ன கனசதுரமா வருது. உப்பளத்தில் அதே உப்பு சில மில்லிமீட்டர் கல்லா விளையுது.

ஒரே உப்பு, ஒரே தண்ணீர், ஒரே ஆவியாதல். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? படிகமாக்கல் பாடத்தில் சூத்திரங்களை மனப்பாடம் பண்ணிட்டு, இந்தக் கேள்வியை நாம கேட்கிறதே இல்லை. தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாசமே இது நம்ம முன்னால வந்து நிக்கும். வாங்க, அடியிலிருந்து பார்ப்போம்.

அளவு ஏன் முக்கியம்?

ஒரு சின்ன கணக்கு. உப்பின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.17 கிராம். அப்போ 1 கிலோ உப்பின் கன அளவு சுமார் 461 கன செ.மீ.

எல்லாப் படிகமும் 1 மி.மீ. பக்கமுள்ள கனசதுரம்னு வச்சுக்குவோம். எண்ணிக்கை சுமார் 4.6 லட்சம். மொத்த மேற்பரப்பு சுமார் 2.8 சதுர மீட்டர்.

இப்போ பக்கம் 0.1 மி.மீ. மட்டும்தான்னு வைங்க. எண்ணிக்கை 46 கோடி! மேற்பரப்பு 28 சதுர மீட்டர்.

படிகங்களை வடிகட்டி எடுக்கும்போது ஒவ்வொண்ணு மேலயும் தாய்க்கரைசல் மெல்லிய படலமா ஒட்டியிருக்கும். படலத்தின் தடிமன் 10 மைக்ரான்னு எடுத்துக்கிட்டா, பெரிய படிகத்தில் கிலோவுக்கு 28 மி.லி. கரைசல் ஒட்டும். சின்னப் படிகத்தில் 280 மி.லி. அந்தக் கரைசலில்தான் மெக்னீசியம் குளோரைடு மாதிரி எல்லா அழுக்கும் சேர்ந்திருக்கு. மழைக்காலத்தில் உப்பு கசியுது, கசக்குதுன்னா முக்கியக் காரணம் இந்த மெக்னீசியம்தான்.

பொடிப் படிகம்னா இன்னும் சில தொல்லை: வடிகட்டித் துணி அடைக்கும், மையவிலக்கு எந்திரத்தில் தண்ணீர் பிரியாது, கழுவும்போது உப்பே கரைஞ்சு போகும், மூட்டையில் கட்டி தட்டும். அதுக்காக எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லதுன்னும் சொல்லிட முடியாது. அவசரமா வளர்ந்த பெரிய படிகம், வளரும்போதே கரைசலைத் தனக்குள்ள சிறைப்பிடிச்சுக்கும். அதை எவ்வளவு கழுவினாலும் வெளியே வராது. நமக்கு வேண்டியது தேவையான அளவு, அதுவும் ஒரே சீரா.

பந்திக் கணக்கு

ஆவியாகிற தண்ணீரின் அளவுதான் எவ்வளவு உப்பு வெளியே வரணும்னு முடிவு செய்யுது. அந்த உப்பை எத்தனை படிகங்கள் பங்கு போட்டுக்குதுங்கிறதுதான் படிகத்தின் அளவை முடிவு செய்யுது. அண்டாவில் சோறு ஒரே அளவு. பந்தியில் 50 பேர் உட்கார்ந்தா வயிறு நிறையும். 5,000 பேர் உட்கார்ந்தா ஆளுக்கு ஒரு கவளம்.

அதனால ரெண்டு நிகழ்வுகளைத் தனித்தனியா புரிஞ்சுக்கணும்.

முதலாவது கருவுருவாக்கம். கரைசலில் புதுசா ஒரு படிகம் பிறக்கிறது. ரெண்டாவது படிக வளர்ச்சி. ஏற்கெனவே பிறந்த படிகத்தின் மேல உப்பு படிஞ்சு பெருசாகிறது. ரெண்டுக்கும் உந்து விசை ஒண்ணுதான்: அதிதெவிட்டல். அதாவது, கரைதிறன் அனுமதிக்கிற அளவைவிடக் கரைசலில் கூடுதலா இருக்கும் உப்பு.

சிக்கல் என்னன்னா, ரெண்டும் இந்த விசைக்கு ஒரே மாதிரி பதில் சொல்றதில்லை. வளர்ச்சி வேகம் அதிதெவிட்டலுக்கு நேர் விகிதத்தில் போகுதுன்னு வச்சுக்குவோம். படிகங்கள் நிறைந்த கலனில் பிறப்பு வேகம் அதோட வர்க்கமா போகுதுன்னும் வச்சுக்குவோம். அதிதெவிட்டலை 2 மடங்காக்கினா வளர்ச்சி 2 மடங்கு, பிறப்பு 4 மடங்கு. படிகமே இல்லாத தெளிந்த கரைசலில் தானா கரு பிறக்கும்போது இந்த அடுக்கு இன்னும் பெருசு. அது 6 ஆக இருந்தா பிறப்பு 64 மடங்கு. அவசரப்பட்டா பந்தியில் கூட்டம் கூடிடும். அவ்ளோதான் விஷயம்.

இதை ஒரு வரைபடமா முதலில் யோசிச்சவர்களில் ஆஸ்ட்வால்ட், மையர்ஸ் ரெண்டு பேரும் முக்கியமானவங்க. கரைதிறன் கோட்டுக்குக் கீழே எதுவும் படிகமாகாது. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு நடு மண்டலம்: இருக்கிற படிகம் வளரும், புதுசா தானா பிறக்கிறது அரிது. அதையும் தாண்டினா கரு மழையா கொட்டும். ஒரு படிகமாக்கியை இயக்குறவரோட வேலை, கரைசலை அந்த நடு மண்டலத்துக்குள்ளேயே வச்சுக்கிறது. உப்புக்கு இந்த மண்டலம் ரொம்பக் குறுகலானது. அதனால்தான் பெரிய உப்புப் படிகம் எடுக்கிறது கஷ்டம்.

ஆவியாதலே ஏன்? குளிர வைக்கக் கூடாதா?

நல்ல கேள்வி. 100 கிராம் நீரில் சோடியம் குளோரைடு 0°செ-ல் 35.7 கிராம் கரையும். 100°செ-ல் 39 கிராம்தான். இவ்வளவு குளிர வச்சும் 4 கிராம்கூட கிடைக்காது. தண்ணீரை விரட்டித்தான் ஆகணும்.

சோடியம் சல்பேட் கதை வேற. 32.4°செ-ல் 100 கிராம் நீரில் கிட்டத்தட்ட 50 கிராம், 0°செ-ல் 5 கிராமுக்கும் குறைவு. இதைக் குளிர வச்சாலே போதும், 10 நீர் மூலக்கூறுகளோட கிளாபர் உப்பா வந்து விழும். கரைதிறன் கோட்டைப் பார்க்காம கருவியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

தூத்துக்குடி பாத்தியில் என்ன நடக்குது?

தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீரும் நிலத்தடி உவர்நீரும் பயன்படுது. ஆண்டின் தொடக்கத்தில் வேலை ஆரம்பிச்சு வடகிழக்குப் பருவமழை வரை ஓடும். கடல்நீர் சுமார் 3.5 போமே டிகிரியில் உள்ளே வருது. பாத்தி பாத்தியா மாறி வெயிலில் சுண்டுது. முதலில் கால்சியம் கார்பனேட் பிரியும். 13, 15 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். சுமார் 25 டிகிரியில், கடல்நீர் பத்தில் ஒரு பங்கா சுண்டின நிலையில், உப்பு விளைய ஆரம்பிக்கும். 29, 30 டிகிரி வந்ததும் மிச்ச நீரை வடிச்சு விட்டுடணும். அதுக்கு மேல விட்டா மெக்னீசியம் உப்புகளும் கூடவே வந்துடும்.

இங்கே அளவைக் கட்டுப்படுத்தும் கருவி எதுவும் இல்லை. வெயில், காற்று, நீரின் ஆழம், வாருபலகை, இவ்வளவுதான். ஆவியாதல் மேற்பரப்பில் நடக்குது. அதனால அதிதெவிட்டல் அதிகம் இருக்கிறதும் அங்கேதான். சின்னப் படிகங்கள் மேலே மிதந்தபடி பிறக்கும். எடை கூடினாலோ, காற்றில் நீர் அலைஞ்சாலோ மூழ்கித் தரையில் உட்காரும். அதுக்கப்புறம் அங்கேயே மெதுவா வளரும். நீர் ஆழமா இருந்து, அசைவு குறைவா, ஆவியாதல் நிதானமா நடந்தா கல் பெருக்கும். நீர் மட்டம் ரொம்பக் குறைஞ்சு வேகமா சுண்டினாலோ, அடிக்கடி கிளறினாலோ பொடியா விளையும். வாருபலகை படிகத்தில் உரசும்போது உதிரும் துணுக்கு ஒவ்வொண்ணும் பந்திக்கு ஒரு புது ஆள்.

பருவம் தொடங்கும் முன்னாடி பாத்தித் தரையைக் காலால் மிதிச்சு மிதிச்சு இறுக்குவாங்க. தரை இளகியிருந்தா வாரும்போது சேறு கலந்து உப்பு கறுக்கும். மண் துகள்கள் கரு பிறக்கவும் இடம் கொடுக்கும். பாடப்புத்தகம் பல பக்கத்தில் சொல்றதை அந்தத் தொழிலாளிகளின் கால்கள் ரொம்ப நாளாவே செஞ்சுட்டு வருது.

கலனைப் பெருசாக்கினா போதாதா?

இப்போ தொழிற்சாலைக்கு வருவோம். தொடர்ந்து ஓடும், நல்லா கலக்கப்பட்ட ஒரு படிகமாக்கி. ராண்டால்ஃப், லார்சன் உருவாக்கிய எண்ணிக்கைச் சமநிலைப்படி, எடையில் அதிகப் பங்கு வகிக்கும் படிக அளவு = 3 × வளர்ச்சி வேகம் × தங்கும் நேரம்.

வளர்ச்சி வேகம் நொடிக்கு 0.02 மைக்ரான், தங்கும் நேரம் 2 மணி, அதாவது 7,200 நொடின்னு எடுத்துக்குவோம். பெருக்கினா 432 மைக்ரான், சுமார் 0.43 மி.மீ.

படிகம் பெருசா வேணும்னா? "தங்கும் நேரத்தை 2 மடங்காக்கு, 0.86 மி.மீ. வந்துடும்." வைவாவில் பலரும் சொல்ற பதில் இது. அங்கேதான் மாட்டிக்கிறோம்.

கலனைப் பெருசாக்கினா அதே உப்பு இரு மடங்கு கன அளவில் பரவி வெளிப்படுது. அதிதெவிட்டல் இறங்கும், வளர்ச்சி வேகமும் கூடவே இறங்கும். கணக்கா போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டரில் இருக்கும் படிகங்களின் எண்ணிக்கை பிறப்பு வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் வரும். ஒரு படிகத்தின் எடை அதன் அளவின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அளவு, வளர்ச்சி வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினது. லிட்டருக்கு இத்தனை கிராம் படிகம்னு நாம நிர்ணயிச்சுட்டதால,

பிறப்பு வேகம் × வளர்ச்சி வேகத்தின் மும்மடி × நேரத்தின் நான்காம் அடுக்கு = மாறிலி.

பிறப்பு வேகம் வளர்ச்சி வேகத்தின் வர்க்கமா மாறுதுன்னா, வளர்ச்சி வேகத்தின் ஐந்தாம் அடுக்கு × நேரத்தின் நான்காம் அடுக்கு = மாறிலி. நேரம் 2 மடங்கானா வளர்ச்சி வேகம் 0.57 மடங்கா விழும். அளவு 2 × 0.57, அதாவது 1.15 மடங்கு. 0.43 மி.மீ. 0.5 மி.மீ. ஆகுது. கலனுக்கு இரட்டிப்பு இடம், லாபம் 15 சதவீதம்!

அதையே வேற பக்கத்திலிருந்து பாருங்க. கலனைத் தொடவேண்டாம். பிறக்கிற கருக்களில் 10-ல் 9-ஐப் பொடியா இருக்கும்போதே பிடிச்சுக் கரைச்சுடுவோம். அதே சமன்பாட்டில் பிறப்பைப் பத்தில் ஒண்ணாக்கினா, வளர்ச்சி வேகம் 10-ன் ஐந்தாம் மூலம், அதாவது 1.58 மடங்கு. 0.43 மி.மீ. 0.68 மி.மீ. ஆயிடுச்சு. வளர்ச்சியைத் தூண்டுறதைவிடக் கூட்டத்தைக் குறைக்கிறதுதான் பலன் தருது.

தொழிற்சாலையில் பார்க்கும் ஏற்பாடுகள் இப்போ தானா புரியும்:

1. அமைதியான ஒரு பகுதி வழியா கரைசலை மேலே எடுப்பாங்க. பெரிய படிகம் கீழே தங்கிடும், பொடி மட்டும் மேலே போகும். அதைச் சூடாக்கியோ, தண்ணீர் சேர்த்தோ கரைச்சுத் திருப்பி அனுப்புவாங்க.

2. கலக்கியை மெதுவா சுத்த விடுவாங்க. படிகம் இறக்கையில் மோதி உதிரும் துணுக்குகள்தான் புதுக் கருக்களில் பெரும்பகுதி. ஆனா படிகம் அடியில் படிஞ்சுடாத அளவுக்கு வேகம் இருந்தாகணும்.

3. ஆஸ்லோ வகையில் படிகப் படுகையைக் கரைசலின் மேல்நோக்கிய ஓட்டமே மிதக்க வைக்கும். மோதல் குறைவு, படிகம் பெருசு.

4. வலிந்த சுழற்சி ஆவியாக்கியில் சூடாக்கும் குழாய்க்குள்ள கரைசல் கொதிக்காதபடி மேலே திரவ அழுத்தத்தை வச்சிருப்பாங்க. கொதிப்பு மேல்கலனில் நடக்கும். குழாய்ச் சுவரிலேயே கொதிச்சா உப்பு அங்கேயே ஒட்டிக் குழாயை அடைச்சுடும்.

5. தொகுதி முறையில் ஓட்டினா, கரைசல் நடு மண்டலத்துக்கு வந்ததுமே எடை போட்ட விதைப் படிகங்களைத் தூவுவாங்க. ஆவியாதலை முதலில் மெதுவா, படிகங்களின் பரப்பு கூடக்கூட வேகமா நடத்துவாங்க.

இது வெறும் பரீட்சைக் கேள்வியா?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நொய்யலில் கழிவுநீர் கலக்கிறதை நிறுத்தலைங்கிறதுதான் காரணம். ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத முறையை நிறைவேத்தினால்தான் பட்டறை ஓட முடியும்னு ஆச்சு. அந்த முறையின் கடைசிப் படி ஆவியாக்கியும் படிகமாக்கியும்தான். சவ்வு வடிகட்டல் தள்ளிவிட்ட உவர்நீரிலிருந்து உப்பைப் பிரிச்சு எடுக்கணும்.

அங்கே படிகம் பொடியா வந்தா என்ன ஆகும்? மையவிலக்கில் சரியா பிரியாது. நிறமும் கரிமக் கழிவும் கலந்த தாய்க்கரைசல் உப்போட ஒட்டிக்கும். அந்த உப்பை மறுபடி சாயத்தொட்டியில் போட முடியாது. மூட்டை கட்டிக் கிடங்கில் அடுக்கணும். படிகம் நல்லா, சீரா வந்தா அதே உப்பு மறுபடி சாயமேத்தப் போகும். அது சரக்கா, குப்பையாங்கிறதைப் பல சமயம் ஒரு மில்லிமீட்டரில் சில பங்குதான் முடிவு செய்யுது.

நீங்களே செஞ்சு பாருங்க

கல் உப்பை வெந்நீரில் இனி கரையாதுங்கிற வரை கரைச்சு, ஆறவிட்டு, துணியில் ரெண்டு தடவை வடிகட்டுங்க. மூணு பங்கா பிரிங்க. முதல் பங்கை அடுப்பில் வச்சுக் கிளறிக்கிட்டே சுண்டவிடுங்க. ரெண்டாவதைத் தட்டில் ஊத்தி, மேலே தாள் மூடி, ஆட்டாம நிழலில் ஒரு வாரம் வைங்க. மூணாவதையும் அப்படியே வச்சு, படிகம் தெரிய ஆரம்பிச்சதும் நல்லதா ஒண்ணு மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் தினமும் எடுத்துடுங்க. கடைசியில் மூணையும் அளவுகோல் பக்கத்தில் வச்சுக் கைபேசியில் படம் எடுங்க.

மூணாவது தட்டில் தினமும் நீங்க செஞ்ச வேலைக்கு ஆலையில் என்ன ஏற்பாடுன்னு மேலே இருக்கிற பட்டியலில் தேடிப் பாருங்க. விடை தெரிஞ்சிட்டா, அடுத்த வைவாவில் "கலனைப் பெருசாக்கணும் சார்"னு சொல்ல மாட்டீங்க.