கடன் வரலாறு இல்லாதவருக்கு முதல் கடன் அட்டை

பல ஆண்டுகளாக ஒரே வங்கியில் சேமிப்புக் கணக்கு, கணிசமான வைப்புத்தொகை, எவரிடமும் ஒரு ரூபாய் கடன் பட்டதில்லை என்ற மனநிறைவு. இவ்வளவும் உடைய ஒருவர் முதன்முறையாகக் கடன் அட்டைக்கு விண்ணப்பிக்கிறார். விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று பதில் வருகிறது. கடனின்றி வாழ்வதைப் பெருமையாகக் கருதும் குடும்பங்களில் இது பெரும் மனத்தாங்கலை உண்டாக்குவதை நாம் அறிவோம். அந்த மனத்தாங்கலில் நியாயமும் உண்டு. ஆயினும் மறுப்புக்கான காரணத்தை அறிந்துகொண்டால், அதைக் கடக்கும் வழியும் புலப்படும்.

நம் நாட்டில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் கடன் தகவல்களைத் திரட்டி வைக்கின்றன. இவற்றின் மதிப்பெண் 300 முதல் 900 வரை அமையும். கடனே வாங்காதவரின் சிபில் அறிக்கையில் மதிப்பெண்ணுக்குரிய இடத்தில் -1 என்றிருக்கும். இதைக் கண்டு பலர் திடுக்கிடுகின்றனர். அது மோசமான மதிப்பெண் அன்று. மதிப்பிடுவதற்குரிய பதிவு எதுவும் இல்லை என்பதே அதன் பொருள். சேமிப்புக் கணக்கின் இருப்பு, நிரந்தர வைப்பு, பற்று அட்டைச் செலவு, யுபிஐ பரிமாற்றம் ஆகியவை இந்த ஏட்டில் ஏறுவதில்லை. கடனாகப் பெற்றதும் அதைத் திருப்பிச் செலுத்திய விதமும் மட்டுமே அங்கு இடம்பெறும்.

தமக்கு வரலாறு இல்லை என்று எண்ணுவோர் அனைவருக்கும் உண்மையில் அது இல்லாமலும் இல்லை. மாணவப் பருவத்தில் பெற்ற கல்விக் கடன், வங்கியில் வைத்த நகைக்கடன், மாதத் தவணையில் வாங்கிய கைபேசி, உறவினரின் வாகனக் கடனுக்கு இட்ட பிணையக் கையெழுத்து ஆகிய யாவும் பதிவாகியிருக்கக்கூடும். எங்கோ ஒரு தவணை நிலுவையில் நின்றிருப்பதும் அப்போதுதான் தெரியவரும். ஆகவே விண்ணப்பத்திற்கு முன்பே அறிக்கையைப் பார்த்துவிடுவது நன்று. மேற்கண்ட நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாக வழங்கக் கடமைப்பட்டவை. அதில் பிழை இருப்பின் முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்வு கிட்டாவிடில், அதன் பின்னர் கடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற ரிசர்வ் வங்கியின் விதிகளில் இடமுண்டு.

கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் முதன்முறை விண்ணப்பிப்போரை நிராகரிக்கலாகாது என்றும் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. எனினும் வருமானம், பணியின் தன்மை, ஏனைய பொறுப்புகள் ஆகியவற்றை ஆராய்ந்து முடிவெடுக்கும் உரிமை வங்கிக்கு உண்டு. எனவே ஊதியம் வரவு வைக்கப்படும் வங்கியை முதலில் அணுகுவதே பொருத்தம். உங்கள் வரவு செலவு அங்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். ஓரிடத்தில் மறுத்தார்கள் என்று அதே வாரத்தில் நான்கைந்து வங்கிகளுக்கு விண்ணப்பிப்பது வேண்டா. ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு விசாரணையாகப் பதிவாகி, அடுத்த வங்கியின் கண்ணில் உங்களைப் பணநெருக்கடியில் இருப்பவராகக் காட்டும்.

ஊதியச் சான்று காட்ட இயலாத இல்லத்தரசியர், சிறுதொழில் புரிவோர், 18 வயது நிறைந்த மாணவர் ஆகியோருக்கு நாம் பரிந்துரைப்பது நிரந்தர வைப்பின் பேரில் வழங்கப்படும் கடன் அட்டையை. வைப்புத்தொகையில் ஒரு பகுதி, பெரும்பாலும் 75 முதல் 90 விழுக்காடு வரை, கடன் வரம்பாக அமையும். 25,000 ரூபாய் வைப்புக்கு 80 விழுக்காடு எனில் வரம்பு 20,000 ரூபாய். வைப்புக்குரிய வட்டி வழக்கம்போல் சேர்ந்துகொண்டிருக்கும். அட்டை நடைமுறையில் உள்ளவரை அத்தொகையை எடுக்க மட்டும் இயலாது. ஆதலால் மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கிய வைப்பை இதற்கு ஈடாக வைக்காமல், தனியே ஒரு சிறு வைப்பைத் தொடங்குவது உத்தமம்.

இங்கு ஒரு தவறான எண்ணம் பரவலாக உள்ளது. பணம்தான் வங்கியிடம் இருக்கிறதே, கட்டாவிட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதே அது. எடுத்துக்கொள்வார்கள்தான். ஆனால் அதற்கு முன்பே தவறிய தவணைகள் கடன் தகவல் நிறுவனங்களைச் சென்றடைந்திருக்கும். நற்பெயர் தேடிப் பெற்ற அட்டை அவப்பெயருக்கு வித்திட்டுவிடும்.

அட்டை கைக்கு வந்ததும் இரண்டு தேதிகளை மனத்தில் இருத்த வேண்டும். பட்டியல் தேதி மாதத்தின் 10, செலுத்த வேண்டிய கடைசித் தேதி 30 என்று கொள்வோம். ஜூன் 9 அன்று வாங்கிய பொருளுக்கு ஜூன் 30க்குள் பணம் கட்ட வேண்டும். வட்டியில்லாக் காலம் 21 நாட்கள். இரண்டு நாள் பொறுத்து ஜூன் 11 அன்று வாங்கியிருந்தால் அது ஜூலைப் பட்டியலில் சேரும். ஜூலை 30 வரை, அதாவது 49 நாட்கள், வட்டியின்றிக் கிடைக்கும். உங்கள் ஊதியத் தேதிக்கு இந்தச் சுழற்சி ஒத்துவரவில்லையெனில் மாற்றித்தரும்படி வங்கியைக் கேட்கலாம்.

பட்டியலில் காணும் "குறைந்தபட்சத் தொகை" என்னும் சொல்லே முதல் அட்டை பெற்றவரை மிகுதியும் ஏமாற்றுவது. 12,000 ரூபாய்ப் பட்டியலுக்கு 5 விழுக்காடாக 600 ரூபாய் மட்டும் செலுத்தினால் தாமதக் கட்டணம் வராது. மீதம் 11,400 ரூபாய்க்கு வட்டி வரும். மாதம் 3.5 விழுக்காடு எனக் கொண்டால் ஒரு மாத வட்டி 399 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர ஏறத்தாழ 471 ரூபாய். அடுத்த மாதமும் 600 ரூபாயே கட்டினால் அசலில் குறைவது 129 ரூபாய்தான். நடைமுறையில் வட்டி, பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படுவதால் சுமை இதனினும் கூடும். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுப்பின் முதல் நாளிலிருந்தே வட்டி. அதனுடன் தனிக் கட்டணமும் உண்டு. ரொக்கம் எடுப்பதற்கு இவ்வட்டையைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது நம் கருத்து.

எனவே முழுத் தொகையையும் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும் ஆணையை முதல் மாதமே கொடுத்துவிடுங்கள். வரம்பு 20,000 எனில் மாதச் செலவை 6,000 ரூபாய் அளவில், அதாவது 30 விழுக்காட்டுக்குள் நிறுத்துவது மதிப்பெண்ணுக்கு நல்லது. மின்கட்டணம், மளிகை போன்று எப்படியும் செய்யவேண்டிய செலவுகளே இதற்குப் போதும். வரலாறு வேண்டுமென்று எதையும் புதிதாக வாங்கத் தேவையில்லை. ரூபே கடன் அட்டையாயின் யுபிஐ செயலியில் இணைத்துச் சிறு கடைகளிலும் பயன்படுத்தலாம். கணக்குக்கு அடங்காமல் செலவு கூடுவதும் அந்த வசதியால்தான்.

ஏறத்தாழ ஆறு மாதப் பதிவுகள் சேர்ந்தபின் மதிப்பெண் தோன்றும். ஓராண்டு ஒழுங்காகச் செலுத்தியவர், வைப்பு ஈடில்லாத அட்டையைக் கோரலாம். அது கிடைத்தபின் பழைய அட்டை வேண்டாமெனில், நிலுவையை முழுதும் தீர்த்துவிட்டு எழுத்து மூலம் கோரிக்கை தாருங்கள். ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி அதை மூடியாக வேண்டும். தவறினால் மூடும்வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வைப்பின் மீதிருந்த தடையும் நீக்கப்பட்டதா என்பதை அப்போதே கிளையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.