மக்கள் ஓட்டும் பெற்றோர் உரிமையும்



“பெரும்பாலோர் ஓட்டுப் போட்டுவிட்டால் அது நியாயந்தானே?” என்று கேட்பவர் நம்மில் பலர் உண்டு. இக்கேள்விக்கு விடை காண, அமெரிக்க ஐக்கிய நாட்டின் ராஜ்யங்களுள் ஒன்றான ஓரிகனில் நடந்ததை இவ்வாரம் ஆராய்வோம்.

1. குடிகளே செய்யும் சட்டம்

நம் நாட்டில் சட்டம் செய்பவை பாராளுமன்றமும் சட்டசபைகளுமே. பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதோடு நம் ஓட்டின் வேலை முடிகிறது. அமெரிக்காவிலோ ஏறக்குறைய பாதி ராஜ்யங்களில் வேறொரு வழியும் உண்டு. குடிகளே மசோதா எழுதி, குறித்த தொகை கையெழுத்துச் சேர்த்தால், அது தேர்தலன்று ஓட்டுச் சீட்டில் ஏறும். ‘ஆம்’ என்போர் மிகுந்தால் அது சட்டமாகும். ஓரிகனில் இன்று சாதாரணச் சட்டத்துக்கு, முந்தின கவர்னர் தேர்தலில் விழுந்த ஓட்டுகளில் நூற்றுக்கு 6 பங்கு கையெழுத்து வேண்டும். அரசியல் சாசனத்தைத் திருத்த 8 பங்கு வேண்டும். இப்படி நிறைவேறிய சட்டத்தைத் தள்ளக் கவர்னருக்கு அதிகாரமில்லை.

2. இதனால் விளைந்த நன்மை

ஓரிகன் மக்கள் இம்முறையை 1902-ல் ஏற்றார்கள். பணம் படைத்தோர் கைக்குள் சட்டசபை அகப்பட்டிருப்பதைக் கண்டு மனம் நொந்த வில்லியம் யூரன் என்பவர், சுவிட்சர்லாந்து நாட்டு வழக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு இதற்காகப் பாடுபட்டார். ஐந்து முறை ஓட்டில் தோற்ற பெண்கள் ஓட்டுரிமை, 1912-ல் ஆறாம் முறையாக, மக்கள் மனுவினாலேயே ஜெயம் பெற்றது. ஆகையால் இக்கருவியைத் தீயதென்று சொல்லலாகாது.

3. அதே கருவியால் வந்த ஆபத்து

பத்தே ஆண்டுகள் சென்றன. 1922 நவம்பரில் அதே ஓட்டுச் சீட்டில் மற்றொரு மசோதா வந்தது. 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோர் சர்க்கார் பள்ளிக்கே அனுப்பவேண்டும். சில விலக்குகள் தவிர, மீறினால் அபராதமும் சிறையும் உண்டு. “ஒரே பள்ளி, ஒரே தேசம்” என்பதுபோல் காதுக்கு இனிமையாகவே பேசினார்கள். ஆனால் அதற்குத் துணைநின்றவர்களுள் கத்தோலிக்கர்மேல் பகைகொண்ட கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தாரும் இருந்தனர். லுத்தரன் சபையார் முதலிய மற்றவர்களும் நம்மவரோடு சேர்ந்து எதிர்த்தார்கள். பலன் என்ன? ஆம் 1,15,506, இல்லை 1,03,685. 1926 செப்டம்பரில் சட்டம் அமுலுக்கு வர வேண்டும். 1859 முதல் அங்கே பள்ளி நடத்தி வந்த சேசு மரி திருநாமக் கன்னியரின் பள்ளிகளிலிருந்து, அதற்கு முன்னமே பிள்ளைகள் விலகத் தொடங்கினார்கள்.

4. ஓட்டுக்கும் மேலான உரிமை

கன்னியர் மனந்தளரவில்லை. ராணுவப் பயிற்சிப் பள்ளி ஒன்றும் அவர்களைப்போலவே வழக்குத் தொடுத்தது. 1925 ஜூன் 1-ந் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் ஏகமனதாய்த் தீர்ப்பளித்தார்கள். பள்ளிகளைச் சோதிக்கவும், ஆசிரியர் தகுதியை ஆராயவும், பிள்ளைகள் ஏதேனும் ஒரு பள்ளியில் படிக்கவேண்டுமென்று கட்டளையிடவும் சர்க்காருக்கு அதிகாரமுண்டு. ஆனால் பிள்ளை சர்க்காரின் சிருஷ்டியல்ல. அதை வளர்த்து வழிநடத்தும் உரிமை பெற்றோருடையது. இதுவே தீர்ப்பின் சாரம். ஓட்டு 1,15,506 ஆனாலும் அவ்வுரிமையை அழிக்க முடியவில்லை. பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1929-ல் கிறிஸ்தவக் கல்வியைப்பற்றி எழுதிய நிருபத்தில் இத்தீர்ப்பை எடுத்துக் காட்டினார்.

5. நீதிமன்றம் எப்போதும் துணை வருமோ?

வராது. 1994-ல் அதே ஓரிகனில், சாகும் தறுவாயிலுள்ள நோயாளி தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ள மருத்துவர் மருந்து எழுதிக் கொடுக்கலாம் என்ற சட்டம், நூற்றுக்கு 51 பேர் ஓட்டால் நிறைவேறியது. 1997-ல் அதை நீக்கலாமா என்று மறுபடி கேட்டபோது, நூற்றுக்கு 60 பேர் வேண்டாமென்றார்கள். அச்சட்டம் இன்றும் நிற்கிறது. 1925-ல் கோர்ட் காத்தது. 1994-ல் ஓட்டளித்தவன் மனச்சாட்சியைத் தவிர வேறு காவல் இல்லை.

ஆகவே மூன்றை மனதில் வையுங்கள். ஓட்டு சட்டத்தைப் பிறப்பிக்கும், நீதியைப் பிறப்பிக்காது. சட்டத்தின் பெயரைக் கண்டு மயங்காமல், அது யார் கையிலிருந்து எதைப் பறிக்கிறது என்று வாசித்தறிய வேண்டும். இன்று நாம் பெரும்பாலோராயிருந்தால், சிறுபாலோர் பிள்ளைகளையும் நம் பிள்ளைகளைப்போல் நினைக்க வேண்டும். நாளை நாமே சிறுபாலோராகலாம்.

வீட்டில் பிள்ளைகளிடம் கேட்க:

1. 1912, 1922 ஆகிய இரு சட்டங்களும் ஒரே வழியில் பிறந்தும், ஒன்று நிலைத்து மற்றது விழுந்தது ஏன்?

2. பள்ளியின்மேல் சர்க்காருக்குள்ள அதிகாரம் எது? பெற்றோருக்குள்ள உரிமை எது?