சிறையிலிருந்து திரும்பியவருக்கு

தொழில் நொடித்து, புழல் சிறைக்கும் போய்விட்டு ராயபுரத்துக்கோ திருவொற்றியூருக்கோ திரும்பியவரா? முதலில் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கைச் சரிபாருங்கள். எண்ணூர், மணலி ஆலைகளில் முன்பு வேலை பார்த்திருந்தால் பி.எஃப். பணம் மிச்சமிருக்கலாம்.

கடனுக்கு அஞ்சி ஒளியாதீர்கள். வங்கியின் வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது; ரிசர்வ் வங்கியின் விதி அது. சமரசத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். கட்டி முடித்ததும் பாக்கியில்லை என்ற சான்றையும் கேட்டு வாங்குங்கள். பழைய கடனை அடைக்கக் கந்துவட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். வழக்கு பாக்கியிருந்தால் 15100-ஐ அழையுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச வக்கீல் கிடைப்பார்.

தொழிலை இழந்து சிறையிலிருந்து திரும்பியவர் நீங்கள் மட்டுமல்ல. கப்பல் கம்பெனியும் போய், வக்கீல் சன்னதும் பறிபோய், 1912 டிசம்பரில் விடுதலையான வ.உ.சி. சென்னைக்கு வந்தார். பெரம்பூரில் குடியிருந்தார், கடை வைத்தார், வறுமை விடவில்லை. அந்த நெருக்கடியிலும் 1917-இல் திருக்குறள் மணக்குடவர் உரையின் அறத்துப்பாலைப் பதிப்பித்தார். கூலிக்கு அப்பால் ஒரு வேலையை அவர் கைவிடாதது என்னை இன்றும் நெகிழவைக்கிறது.

வீட்டாருக்கு ஒன்று: நடந்ததைக் கிளறாதீர்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவது, காசிமேட்டில் மீன் வாங்கி வருவது என்று நாளைக் காலைக்கே திரும்பி வந்தவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள்.